பாரூர் ஏரியில் பார்த்தது காட்டு வாத்தா, வீட்டு வாத்தா, இரண்டும் கலந்ததா?

போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "டிசம்பர் முதல் வாரம் பாரூர் ஏரிக்கரையில் பெரிய வாத்துகள் மூன்று பார்த்தேன். ஒன்று பழுப்பு நிறம், அலகுக்கு மேலே கறுப்பாக ஒரு கட்டி. ஒன்று முழு வெள்ளை. மூன்றாவது கொஞ்சம் சிறியது, வெளிர் சாம்பல் உடம்பு, வெள்ளை முகம், உச்சந்தலையும் பிடரியும் கருமை. கட்டி உள்ளது மங்கோலியாவிலிருந்து வந்த அபூர்வப் பறவை, சிறியது அதற்கும் நாட்டு வாத்துக்கும் பிறந்த கலப்பு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பக்கத்திலேயே புள்ளிமூக்கு வாத்துகளும் இருந்தன. படங்களைப் பார்த்துச் சொல்லுங்கள் அண்ணா."

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டி உள்ளது வீட்டில் வளர்ப்பது. வெள்ளையும் வீட்டில் வளர்ப்பதுதான், கலப்பு இரத்தம் அதில்தான் இருக்கிறது. நீங்கள் கலப்பு என்று ஒதுக்கிவைத்த அந்தச் சின்னதுதான் உண்மையான காட்டுப் பறவை. வரித்தலை வாத்து, பட்டைத்தலை வாத்து என்றெல்லாம் சொல்கிறோமே, அதன் இளம் பறவை. உங்கள் பதினோரு படங்களில் அது இரண்டில்தான் இருக்கிறது, அதிலும் ஓரத்தில். மற்ற ஒன்பதும் கட்டிக்காரனுக்கே போய்விட்டன. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்று விவரமாகவே எழுதுகிறேன். அடுத்த முறை கரையில் நிற்கும்போது நீங்களே பிரித்துச் சொல்லிவிடலாம்.

முதலில் பெயர்க் குழப்பம். தமிழில் டக், கூஸ் இரண்டையும் வாத்து என்றே சொல்லிவிடுகிறோம். சந்தையில் "கூஸ் வாத்து" என்றால் கழுத்து நீண்ட, புல் மேயும், ஆளைக் கண்டால் கத்திக்கொண்டு துரத்தும் பெரிய சாதி என்று எல்லோருக்கும் புரியும். காவேரிப்பட்டணம் மாந்தோப்புகளிலும் ஓசூர்ப் பக்கத்துப் பண்ணை வீடுகளிலும் காவலுக்கு வளர்ப்பது இதைத்தான். வெள்ளையாக இருந்தால் அன்னம் என்றும் சொல்வார்கள். இந்தப் பதிலில் நான் பேசுவது இந்தப் பெரிய சாதியைப் பற்றி.

உலகத்தில் வீட்டில் வளர்க்கும் கூஸ் வாத்துகள் எல்லாம் இரண்டே இரண்டு காட்டு இனங்களிலிருந்து வந்தவை. ஒன்று சாம்பல் வாத்து, ஆங்கிலத்தில் கிரேலாக் என்பது. ஐரோப்பிய வளர்ப்பு வகைகளுக்கு மூதாதை இது. இன்னொன்று சுவான் கூஸ். மங்கோலியா, வடகிழக்குச் சீனா, ரஷ்யாவின் கிழக்கு மூலை ஆகிய இடங்களில் குஞ்சு பொரித்துக் குளிர்காலத்துக்குச் சீனாவுக்குள் இறங்கும் பறவை. சைனீஸ் கூஸ், ஆப்ரிக்கன் கூஸ் என்று விற்பவை இதன் வழி வந்தவை. ஆப்ரிக்கன் என்ற பெயரைப் பார்த்து ஆப்பிரிக்காவைத் தேட வேண்டாம், அதுவும் கிழக்காசியச் சரக்குதான். அலகு நெற்றியோடு சேரும் அடிப்பக்கத்தில் இருக்கும் அந்தக் கட்டி வளர்ப்பு சுவான் கூஸின் அடையாளம். காட்டு சுவான் கூஸுக்கு அப்படிப் புடைத்த கட்டி கிடையாது. அதன் கறுத்த அலகு நீளமாக, நெற்றியிலிருந்து ஒரே சரிவாக இறங்கும். அலகைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்றும் இருக்கும். உங்கள் நண்பர்கள் மங்கோலியா என்று சொன்னதில் ஒரு பொருள் இருக்கிறது, ஆனால் அங்கிருந்து கிளம்பியது அதன் முன்னோர். இது அக்கம்பக்கத்துத் தோப்பிலிருந்து நடந்து வந்திருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். நிறத்தைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். உடம்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். வளர்ப்பு வாத்தை மனிதன் பல தலைமுறையாகக் கறிக்கும் முட்டைக்கும் என்று பொறுக்கிப் பொறுக்கி எடுத்ததில் எடை முழுக்கப் பின்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. காட்டு சாம்பல் வாத்து இரண்டரையிலிருந்து நாலு கிலோ. அதன் வளர்ப்பு வகைகளில் பெரியவை பத்துக் கிலோவரை போகும். அந்த எடை வயிற்றின் கீழே, கால்களுக்கு நடுவே, மடிப்பு மடிப்பாகத் தொங்கும். எங்கள் வீட்டுக்கு மூன்றாவது தோப்பில் வயதான பெட்டை ஒன்று இருந்தது. மழை விட்ட மறுநாள் அது வாய்க்கால் ஓரம் நடந்துபோன சேற்றைக் குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் சவ்வுக்கால் தடம், நடுவே யாரோ ஈரத்துணியை இழுத்துப்போன மாதிரி ஒரு வழவழப்பான கோடு. தொங்கிய வயிற்று மடிப்பு தரையைத் தடவிக்கொண்டே போயிருக்கிறது. காட்டு வாத்து அப்படி ஒரு தடம் விடவே விடாது. அதன் வயிறு பின்னால் வரவர மேலேறி வாலுக்குப் போகும், படகின் பின்முனை மாதிரி.

உங்கள் மூன்றாவது படத்தில் கட்டிக்காரன் பக்கவாட்டில் நிற்கிறான். நெஞ்சு தூக்கி, உடம்பு சாய்வாக நிமிர்ந்து, பின்பக்கம் கனத்து வாலுக்குக் கீழே பை மாதிரி இறங்கியிருக்கிறது பாருங்கள். சைனீஸ் வகை கொஞ்சம் ஒல்லி, நாலைந்து கிலோதான் வரும், அதனால் தூரத்தில் காட்டுப் பறவை போலவே ஏமாற்றும். பிடரியில் ஓடும் கரும்பழுப்புப் பட்டை, வெளிறிய முன்கழுத்து எல்லாம் மூதாதையிடமிருந்து அப்படியே வந்தவை. நிறத்தை நம்பியிருந்தால் நானும் தடுமாறியிருப்பேன். கட்டியும் பின்பக்கமும் சேர்ந்து சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை.

கட்டியைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. அலகின் மேல் புடைப்பு இருப்பதெல்லாம் வளர்ப்புப் பறவை ஆகிவிடாது. நம் ஊர்க் காட்டுப் பறவையிலேயே செண்டு வாத்து இருக்கிறது. ஆணுக்கு இனப்பெருக்கக் காலத்தில் அலகின் மேலே கறுப்பாகச் சதை மடல் ஒன்று எழும்பி நிற்கும். ஆனால் அதற்கு மேலுடம்பு கறுத்து, நீலமும் பச்சையும் மினுங்கும். கீழ்ப்பக்கம் வெள்ளை, வெள்ளைத் தலையில் கறுப்புப் பொட்டுகள் தெளித்திருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

வெள்ளைக்கு வருவோம். முழு வெள்ளைப் பெரிய வாத்து நம் ஏரிகளில் தெரிந்தால் நூற்றுக்கு நூறு வளர்ப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். பனி வாத்து என்று ஒரு வெள்ளைக் காட்டு வாத்து உண்டு, அது வட அமெரிக்காவுக்கு உரியது, அதற்கும் சிறகு நுனி கறுப்பு. உங்கள் பறவைக்குச் சிறகு நுனிவரை வெள்ளை, கண் நீலம். நீலக் கண் வெள்ளை வளர்ப்பு வாத்துகளில் சாதாரணம்.

இதில் ஏன் கலப்பு என்கிறேன் என்றால், அலகைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆரஞ்சு நிறம், அடியில் கட்டி என்று சொல்ல முடியாத சின்ன மேடு. சுத்த சைனீஸ் வெள்ளையாக இருந்தால் அந்த இடத்தில் ஆரஞ்சுக் கட்டி எடுப்பாக உருண்டு நிற்கும். பிறகு கழுத்து. இறகுகள் வரிவரியாகப் பள்ளம் விழுந்து, சீப்பால் வாரினது போல இருக்கிறது. அந்த வரிப்பள்ளம் சாம்பல் வாத்து வழியின் முத்திரை. சுவான் கூஸ் வழியில் கழுத்து மழமழப்பாக இருக்கும். கழுத்து ஒரு மூதாதையைச் சொல்கிறது, அலகு மேடு இன்னொன்றைச் சொல்கிறது. இரண்டு இனமும் ஒன்றோடொன்று சேர்ந்தால் பிறக்கும் குஞ்சுகள் மலடாகாமல் மேலும் குஞ்சு பொரிக்கும். அதனால் யாரும் திட்டமிட்டுச் செய்யாமலே தோப்புகளில் இரண்டும் கலந்துகொண்டே இருக்கின்றன. சந்தையில் சோடியாக வாங்கிவரும் கூஸ்களில் நான் பார்த்தவரை சுத்த வகை குறைவு, இப்படி நடுவாந்தரமானவையே அதிகம். பழுப்பில் இந்தக் கலப்பு வந்தால் ஆரஞ்சு அலகில் அடிப்பக்கம் மட்டும் கறை பிடித்ததுபோல் கறுத்திருக்கும், பிடரிப் பட்டை பாதியில் மங்கிப்போகும், அலகைச் சுற்றி ஒழுங்கற்ற வெள்ளைத் திட்டு இருக்கும். உடம்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்ளை இறகு கிளம்புவதும் வளர்ப்பின் அடையாளம்தான்.

சரி, அந்தச் சின்னவன். அதற்குத்தான் நான் நேரம் எடுத்துக்கொண்டேன்.

வளர்ந்த வரித்தலை வாத்தை யாரும் தவறவிட முடியாது. வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை, ஒன்று கண்ணுக்குக் கண் சுற்றி, இன்னொன்று அதற்குக் கீழே பிடரியில். கழுத்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு. மஞ்சள் அலகு, அதன் நுனியில் நகம் போல ஒரு கறுப்பு முனை. ஆரஞ்சு மஞ்சள் கால். சிக்கல் என்னவென்றால், அந்த வருஷம் பிறந்த குஞ்சுக்கு அந்தப் பட்டைகள் இருக்காது. உச்சந்தலையிலிருந்து பிடரி வழியாக ஒரே கரும்பழுப்பு இறங்கும், முகம் மட்டும் வெள்ளை, அலகும் காலும் வெளிறியிருக்கும், விலாப்பக்கம் பெரியவற்றில் இருக்கும் அழுத்தமான கருந்திட்டு தெரியாது. புத்தகத்தில் பெரிய பறவையின் படத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதைக் கண்டதும் "பட்டை இல்லை, அப்போ கலப்பு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உங்கள் நண்பர்கள் செய்ததும் இதுவே. அவர்கள் மேல் குற்றமில்லை.

கலப்பு இல்லை என்று எப்படி உறுதி செய்தேன்? அளவுக்கு உங்கள் புள்ளிமூக்கு வாத்துகளே அளவுகோல் ஆயின. புள்ளிமூக்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர், வரித்தலை 70க்கு மேல். ஏழாவது படத்தில் இரண்டும் ஒரே தூரத்தில் நிற்கின்றன. சின்னவன் புள்ளிமூக்கைவிட ஒரு தலை உயரம், வெள்ளைக்குப் பாதி உடம்பு. வரித்தலையின் எடை இரண்டிலிருந்து மூன்று கிலோ, பொருந்துகிறது. வளர்ப்போடு கலந்து பிறந்திருந்தால் உடம்பில் கனம் ஏறியிருக்கும், குறிப்பாகப் பின்பக்கம். இதற்கு இல்லை. வயிறு மேலேறி ஒட்டியிருக்கிறது.

அடுத்து அலகு. கலப்பில் முதலில் காட்டிக்கொடுப்பது அலகுதான் என்பது என் அனுபவம். சைனீஸ் இரத்தம் இருந்தால் நெற்றியும் அலகும் சேரும் இடத்தில் லேசான மேடோ, மஞ்சளின் மேல் மை சிந்தினது போலக் கறையோ இருக்கும். இதன் அலகு சிறியது, மெலிந்தது, வெளிர் மஞ்சள், நுனி நகம் மட்டும் கறுப்பு. சுத்தமாக இருக்கிறது.

மூன்றாவது, இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்பது. இதைப் பலர் பார்ப்பதில்லை. நிறமி குறைந்து வெள்ளைத் திட்டு விழும் பறவையில் இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி இருக்கும். இரண்டு இனம் கலந்ததில் குறிகள் பெரும்பாலும் இருபுறமும் ஒரே மாதிரி, ஆனால் இரண்டு பெற்றோருக்கும் நடுவே ஓர் இடத்தில் நிற்கும். உதாரணத்துக்கு, வரித்தலையும் சாம்பல் வாத்தும் சேர்ந்து பிறந்தவற்றில் தலைப்பட்டைகள் நிழல் போல, அழித்த பென்சில் கோடு போல மிச்சம் இருக்கும். ஐரோப்பாவில் பூங்காக்களிலிருந்து தப்பிய வரித்தலைகள் உள்ளூர்ச் சாம்பல் வாத்துகளோடு சேர்ந்து இப்படிப்பட்ட கலப்புகள் பிறந்திருக்கின்றன. உங்கள் பறவையில் கருமை உச்சியிலிருந்து பிடரிவரை உடையாமல் ஒரே ஓட்டமாக இறங்குகிறது. அது கலைந்த பட்டை அல்ல, இன்னும் வராத பட்டை.

கலப்பு எங்கே பிறக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். வரித்தலை வாத்து தமிழ்நாட்டில் குஞ்சு பொரிப்பதில்லை. திபெத், மங்கோலியா, கிர்கிஸ்தான், நம் லடாக் என்று உயர்ந்த மேட்டு ஏரிகளில் கோடையில் பொரித்துவிட்டுக் குளிருக்கு இறங்கி வருகின்றன. செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது. மைசூர்ப் பக்கத்து ஹதினாறு ஏரி, கதக் அருகே மாகடி ஏரி, நம் கூந்தன்குளம் எல்லாம் இவை தங்கும் பேர்போன இடங்கள்.  ஆகவே இங்கே ஒரு வரித்தலைக் கலப்பைப் பார்த்தால், அது யாரோ அடைத்து வைத்து வளர்த்த இடத்தில் பிறந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அடைத்து வைத்த இடத்தில் சொந்த இனத்தில் துணை கிடைக்காது. பொரித்ததும் கண்ணில் படுகிறவரைத் தாயாக எடுத்துக்கொள்ளும் குணம் வாத்துக் குஞ்சுக்கு உண்டு. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸ் சாம்பல் வாத்துக் குஞ்சுகளை வைத்து விளக்கிய இந்தக் குணத்தால், வேறு இனத்தோடு வளர்ந்தது பெரிதானதும் அந்த இனத்திலேயே சோடி தேடும்.

"காட்டுப் பறவை என்றால் ஏன் வீட்டு வாத்தோடு நிற்கிறது?" என்று கேட்பீர்கள். வரித்தலைகள் குடும்பமாக வருபவை. குஞ்சு முதல் குளிர்காலம் முழுக்கத் தாய் தகப்பனோடே இருக்கும். வழியில் பிரிந்துபோன குஞ்சுக்குத் தனியாக நிற்கத் தெரியாது, தன்னைப் போல் கழுத்து நீண்ட எதைக் கண்டாலும் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் கூட்டாளியை வைத்துப் பறவையை எடைபோடக் கூடாது. ஆளுக்குப் பயப்படவில்லை என்பதையும் முழுச் சாட்சியாக எடுக்க முடியாது. களைத்துப்போன பறவையும் நோய்ப்பட்ட பறவையும் ஆளைப் பக்கத்தில் வர விடும். எட்டாவது படத்தில் நீங்கள் இரண்டடி முன்னால் போனதும் கட்டிக்காரன் கழுத்தை நீட்டிச் சண்டைக்கு வருகிறான், சின்னவன் தலையைச் செங்குத்தாக நிமிர்த்தி ஏரிப் பக்கம் திரும்பிவிட்டான். என்னைப் பொறுத்தவரை அந்தத் திரும்பல் பாதி பதிலைச் சொல்லிவிட்டது, மீதியை அலகு சொன்னது.

சிறகை நீங்கள் படம் எடுக்கவில்லை. அடுத்த முறை அது சிறகு விரிக்கும்வரை காத்திருங்கள். விடியலில் நீட்டி முறிக்கும், குளித்து முடித்ததும் உதறும். வரித்தலைக்கு முன்சிறகு வெளிர் சாம்பல், பின்விளிம்பு கறுப்பு, நடுவில் எல்லை அழுத்தமாக இருக்கும். இறகுகளில் வெட்டுப்பட்ட அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள், வளர்ப்பவர்கள் ஒரு பக்கச் சிறகை மட்டும் கத்தரித்து விடுவது உண்டு. சிறகின் கடைசி மூட்டு வெளிப்பக்கமாகத் திருகி, இறகுகள் விலாவிலிருந்து கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அது குஞ்சுப் பருவத்தில் அளவுக்கு மீறிய சத்துத் தீனி தின்றதன் விளைவு, வளர்ப்பு வாத்துகளில் அடிக்கடி பார்க்கலாம். காலில் வளையம் இருந்தால் எண்ணைப் படியுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வளையம் என்றால் அதிலேயே கழகத்தின் பெயர் பொறித்திருக்கும். கழுத்தில் எழுத்துப் போட்ட பட்டை இருந்தால் இன்னும் நல்லது. மங்கோலியாவில் பட்டை கட்டிய வரித்தலைகள் கர்நாடக ஏரிகளில் பார்க்கப்பட்டிருக்கின்றன.

பகலில் பெரும்பாலும் தண்ணீரோரம் தூங்கிவழிந்துவிட்டு, இருட்டியதும் வயல் மேயப் போவது வரித்தலையின் பழக்கம். தோப்புக் கூஸ் இதற்கு நேர் எதிர், பொழுது சாய்ந்தால் வீடு திரும்பும். மாலை ஆறரைக்குக் கரையில் நின்றால் எது எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே மீன் பண்ணைப் பக்கமும் நெடுங்கல் கால்வாய் வந்து விழும் பக்கமும் ஆள் நடமாட்டம் இருக்கும், எதிர்க்கரை அமைதி.

பதிவு செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றையும் எழுதுங்கள். ஆனால் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். பறவை பார்த்ததைப் பதிவு செய்யும் இபேர்ட் இணையதளத்தில் சுவான் கூஸ் என்று போட்டால் காட்டுப் பறவையாகப் பதிவாகும், அதன் கீழேயே வளர்ப்பு வகை என்று தனிப் பிரிவு இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு வளர்ப்பு வழியும் கலந்ததற்கும் தனித் தேர்வு உண்டு. ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வரும். 1987இல் தொடங்கி ஆண்டுதோறும் நடப்பது. நாம் பிழையாக எழுதும் ஒரு வாத்து அந்தக் கணக்கில் ஓர் இனம் பரவியிருக்கும் எல்லையையே மாற்றிக் காட்டிவிடும். வளர்ப்பு என்று தெரிந்ததும் எழுதாமல் விடுவதும் தவறு, ஏரியில் எத்தனை வளர்ப்பு வாத்து இறங்குகிறது என்பதும் தெரிய வேண்டிய செய்தி. அறுப்பு முடிந்த வயலில் மேய்ச்சலுக்கு ஓட்டிவரும் நாட்டு வாத்துகளுக்கும் இதே கதைதான். அவற்றில் தப்பியவை புள்ளிமூக்கோடு சேர்ந்து குஞ்சு பொரிக்கக் கூடியவை. ஆண் வாத்தின் வால்மேல் இறகு சுருண்டிருந்தால் அதில் நாட்டு வாத்து இரத்தம் இருக்கிறது.

தோப்புக்காரரைத் தெரிந்தால் பக்குவமாகச் சொல்லுங்கள், வலசைப் பறவை இறங்கும் மாதங்களில் கூஸை ஏரிக்கு விட வேண்டாமென்று. 2005இல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில் பறவைக் காய்ச்சல் வந்து 6,000க்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் செத்தன, அதில் வரித்தலைகள்தான் பெரும்பங்கு. நோய் காட்டிலிருந்து வீட்டுக்கும் வரும், வீட்டிலிருந்து காட்டுக்கும் போகும். செத்த வாத்து எதையாவது கண்டால் கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். அந்தச் சின்னவனைப் பிடித்துக் கூஸோடு அடைத்து வளர்க்கலாம் என்று யாராவது கிளம்பினால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

என் கணிப்பைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. வரித்தலைகள் மார்ச் வாக்கில் வடக்கே கிளம்பிவிடும். அதற்குள் இளம் பறவைக்கும் தலையில் பட்டை தெளிய ஆரம்பிக்க வேண்டும். பொங்கல் கழித்து ஒருமுறை, மாசி மாதம் ஒருமுறை போய் அதே கோணத்தில் தலையைப் படம் எடுங்கள். பட்டை வந்தால் சுத்த வரித்தலை. வராமல் மங்கலாகவே நின்றால் என் கணிப்பு தப்பு, திருத்திக்கொள்கிறேன். பிறகு வைகாசியில், ஏரி வற்றி நடுமேடு தெரியும் நாளில் ஒருமுறை கரையைச் சுற்றி வாருங்கள். கட்டிக்காரனும் வெள்ளையும் அங்கேதான் நிற்பார்கள். சின்னவன் அப்போதும் அவர்களோடு நின்றால் சிறகு ஏதோ பழுதாகியிருக்கிறது என்று பொருள். உடனே எனக்குச் சொல்லுங்கள், வனத்துறைக்குத் தகவல் கொடுத்துவிட்டு நானும் கிருஷ்ணகிரியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.